அஞ்சலையின் எடை அட்டை

போன வாரம் தினேஷ் போன் செய்தான். நான் வேலை பார்த்த மருத்துவமனையின் கணினிப் பிரிவில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன். நான் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. அதுவரை தீபாவளி வாழ்த்து தவிர அவனிடமிருந்து ஒன்றும் வந்ததில்லை. அதனால் ஏதோ வில்லங்கம் என்று போனை எடுக்கும்போதே தெரிந்துவிட்டது.

"மேடம், நீங்க எழுதின புரோகிராம்ல ஒரு வரி இருக்கு. இந்த ரெண்டு பேஷண்ட் நம்பரையும் எந்தக் காரணத்துக்காகவும் சேர்க்கக் கூடாதுன்னு. பக்கத்துல உங்க இனிஷியல். ஏன்னு எழுதல. இப்போ புது சாஃப்ட்வேர் வருது. அது ரெண்டும் ஒரே ஆள்தான், நூத்துக்கு நூறு பொருத்தம்னு சொல்லுது. அந்த வரியை எடுத்துடலாமா?"

"எடுத்துப் பாத்தியா?"

"சோதனைப் பிரதியில எடுத்துப் பாத்தேன் மேடம். உயிரோட இருக்கற பொண்ணு பேருக்கு மேல செவப்புப் பட்டை வந்துது. இறந்தவர்னு."

தொடாதே, காரணத்தை எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி போனை வைத்தேன். அன்றைக்கே அந்த வரிக்குப் பக்கத்தில் காரணத்தை எழுதாதது என் தப்புதான். ஒரு வரியில் எழுத வரவில்லை. உண்மையைச் சொன்னால், எழுத வெட்கமாகவும் இருந்தது.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் லோயர், ஹையர் இரண்டும் முடித்தேன். கம்ப்யூட்டர் வந்த புதிதில் ஆறு மாத டிப்ளமோ ஒன்று. ஒரு அறக்கட்டளை நடத்திய மருத்துவமனையில், அதன் பெயர் இங்கே வேண்டாம், நோயாளி அட்டைகளை டைப் அடிக்கச் சேர்ந்தேன். அங்கிருந்து, டேட்டாபேஸ் என்கிற தகவல் கிடங்கிலிருந்து வேண்டியதைக் கேட்டு எடுக்கக் கற்றுக்கொண்டு, பிறகு புரோகிராம் எழுதுகிறவளாக ஆனேன். சொல்லிக் கொடுத்தவர்கள் என்று யாரையும் கும்பிடத் தோன்றவில்லை. தப்பு செய்து, திட்டு வாங்கித்தான் கற்றேன்.

எங்களிடம் மூன்று தகவல் கிடங்குகள் இருந்தன. கிராமக் கிளினிக்குகளின் அட்டைகள் ஒன்றில். பெரிய மருத்துவமனையில் படுத்து எழுந்தவர்கள், ரத்தப் பரிசோதனைகள், இறப்புகள் எல்லாம் இன்னொன்றில். மருந்தகம் மூன்றாவதில். மூன்றையும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஆட்கள் செய்தார்கள். ஒன்றுக்கொன்று முகம் பார்க்காது. ஒரே நோயாளிக்கு மூன்று எண்கள்.

இவற்றைச் சேர்த்து, டாக்டர் எந்த ஊரில் எந்தக் கணினியைத் திறந்தாலும் ஒரு நோயாளிக்கு ஒரு பக்கம் வர வேண்டும் என்று முடிவானது. அதற்கு மூன்று அடுக்கு. மேலே டாக்டர் பார்க்கிற திரை. அடியில் மூன்று கிடங்குகள். நடுவில் இருந்தது என் அடுக்கு. ஓட்டலில் சாப்பிட வருகிறவர் சமையல்கட்டுக்குள் போவதில்லை. சப்ளையர்தான் இட்லிக்கு ஒருவரிடம், காபிக்கு ஒருவரிடம் போய் வாங்கி ஒரே மேசையில் கொண்டு வந்து வைப்பார். என் நடு அடுக்கு அந்த சப்ளையர். திரை கேட்டால் மூன்று இடத்துக்கும் ஓடி, யார் யார் ஒரே ஆள் என்று பொருத்திப் பார்த்து, ஒரு பக்கமாக்கிக் கொடுக்கும். எங்கேயும் எழுதி வைக்காது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் புதிதாகச் சேர்க்கும். பின்னால் வந்த வினைக்கு இதுதான் வேர்.

என் மேலதிகாரி ஏகாம்பரம் சார். பதிவேட்டுத் துறைக்குத் தலைவர். திரையைப் பார்க்கவே மாட்டார். ஒரு பதிவில் சந்தேகம் என்று போனால், "யாரு அது?" என்று கேட்பார். எண்ணைச் சொன்னால் முறைப்பார். பெயர், தாய் பெயர், ஊர் சொன்ன பிறகுதான் நாற்காலியைக் காட்டுவார். பிறகு, "படிங்க."

முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாய்விட்டுப் படிக்க வேண்டும். அவர் கண்ணை மூடி, காது நன்றாகக் கேட்கிற வலப்பக்கத்தைச் சாய்த்துக்கொள்வார். வேகமாகப் போனால் ஒரு விரல் தூக்குவார். ஒரு பதிவு முடிந்தால் "அடுத்தது" என்பார். நன்றாக இருக்கிறது, மோசம் என்று ஒரு சொல் வராது. இரண்டு பதிவுகளைக் கையால் சேர்க்கவோ பிரிக்கவோ வேண்டுமானால் இந்தச் சடங்கு இல்லாமல் கையெழுத்து கிடையாது. மனுஷனை எத்தனை நாள் மனசுக்குள் வைதிருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும்.

சேர்த்த பக்கம் ஓட ஆரம்பித்த முதல் வாரம் ஒரே சிரிப்பு. போன் எண்ணை வைத்துப் பொருத்தச் சொல்லியிருந்தேன். தென்னேரியிலிருந்து சர்க்கரை வியாதிக்கு வந்த பெரியவர் ஒருவருக்கு, போன மாதம் சுகப்பிரசவம், ஆண் குழந்தை என்று திரை காட்டியது. வீட்டுக்கு ஒரே போன். மருமகளின் பிரசவம் மாமனார் கணக்கில் ஏறிவிட்டது. அவரிடம் சொன்னபோது, "பேரப் புள்ள பொறந்ததுதானம்மா, யாருக்குப் பொறந்தா இன்னா" என்று சிரித்துவிட்டுப் போனார்.

உடனே போன் எண்ணை எடுத்தேன். பெயர், தாய் பெயர், பிறந்த தேதி, ஊர். நான்கும் பொருந்தினால்தான் ஒரே ஆள் என்று மாற்றினேன். நான்கும் ஒத்துப்போகிற இரண்டு பேர் உலகத்தில் இருக்கவே முடியாது என்று ஏகாம்பரம் சாரிடம் அடித்துச் சொன்னேன். அவர் அதற்கும் "அடுத்தது" என்றார்.

ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். திருப்புலிவனம் பக்கத்தில் இருந்த எங்கள் கிளினிக்கிலிருந்து நர்ஸ் டெய்சி கூப்பிட்டாள்.

"மேடம், ஒரு பொண்ணு என் எதிர்ல குந்திக்கினு பிஸ்கட் தின்னுக்கினு கீது. திரையில செத்துப் போச்சுன்னு வருது. மருந்தகம் மருந்து தர மாட்டேன்னு சொல்லுது. நான் இன்னா பண்ணட்டும்?"

பெயர் அஞ்சலை. தாய் கன்னியம்மா. ஏரிக்கரையை ஒட்டிய ஊர்க்கோடிக் குடியிருப்பு. காகிதத்தில் வயது பதின்மூன்று. பார்த்தால் பதினொன்றுக்கு மேல் சொல்ல முடியாது என்றாள் டெய்சி. காய்ச்சலும் மூட்டு வலியுமாக வந்த பெண். இதயத்தின் வால்வு கெட ஆரம்பித்திருக்கிறது என்று பெரிய மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்துக் கண்டுபிடித்திருந்தார்கள். இருபத்தொரு நாளைக்கு ஒரு பென்சிலின் ஊசி, வருஷக்கணக்கில் போட வேண்டும். அன்றைக்கு முதல் ஊசி.

நான் என் மேசையில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். மேலே சிவப்புப் பட்டை. வயிற்றுப்போக்குக்காகச் சேர்க்கப்பட்டு, பிறந்த பதினோராம் மாதத்தில் இறப்பு. அதற்குக் கீழே எடை வரைபடம். பிறந்தபோது மூன்று கிலோ. மாதாமாதம் ஏறி ஏழு கிலோ இருநூறு. பிறகு பதினான்கு மாதம் வெறும் கோடு. அதன் பிறகு இரண்டு கிலோ எண்ணூறு. அங்கிருந்து மறுபடி மூன்றரை, நாலு, ஐந்து என்று ஏறியது.

ஒரு குழந்தை வளர்ந்து, இறந்து, பச்சைக் குழந்தையாகச் சுருங்கி, மறுபடி வளர்ந்திருந்தது. பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அந்த வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மின்விசிறிக் காற்று பிடரியில் படுவது பிடிக்காமல் எழுந்து போய் அதை நிறுத்தினேன்.

இரண்டு குழந்தைகள் என்பது தெளிவு. கையெழுத்துக்குப் போகும் முன், உயிரோடு இருப்பவளுக்குப் புது எண் கொடுத்துச் சோதனையாகப் பிரித்துப் பார்த்தேன். திறந்தேன். சிவப்புப் பட்டை வந்தது. மூடித் திறந்தேன். மறுபடி வந்தது. எண் எதுவானால் என்ன, நான்கும் பொருந்துகிறதே என்று என் நடு அடுக்கு ஓடிப்போய் மற்றவளையும் கையோடு அழைத்து வந்தது. ஒருத்தியைக் கூப்பிட்டால் இருவரும் வந்தார்கள். அன்று மதியத்துக்குள் இருபது தடவையாவது கூப்பிட்டிருப்பேன்.

இவ்வளவுதான் என்றால் ஒரு விதிவிலக்கு எழுதித் தீர்த்திருப்பேன். பக்கத்தின் அடியில் இன்னொரு சிவப்பு வரி இருந்தது. பென்சிலின் ஊசிக்கு உடல் முழுதும் தடிப்பு, மூச்சுத் திணறல், இனி போடக் கூடாது. தேதியைப் பார்த்தால் முதல் குழந்தை இறந்த பிறகு. அப்படியானால் அது உயிரோடு இருப்பவளுக்கு வந்த தடிப்பு.

டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார். "இது இவளோடதுன்னா, ஊசி போட்டா அங்கேயே போயிடுவா. சோதனை ஊசிகூட ஆபத்து. இவளோடது இல்லன்னா, போடாம விட்டா கொஞ்சம் கொஞ்சமா போயிடுவா. மாத்திரை இருக்கு, தினம் ரெண்டு வேளை, வருஷக்கணக்குல. ஆறு மாசம் செங்கல் சூளை சூளையாப் போற குடும்பம், அது நடக்கற காரியமா? யாரோடதுன்னு நீங்க சொல்லுங்க, நான் முடிவு பண்றேன்."

ஏகாம்பரம் சாரிடம் போனேன். "யாரு அது?" "அஞ்சலை, தாய் கன்னியம்மா, ஏரிக்கரை." "படிங்க." படித்தேன். ஏழு கிலோ இருநூறு. இரண்டு கிலோ எண்ணூறு. விரல் எழுந்தது. திரும்பப் படித்தேன். கண்ணைத் திறந்தார். எனக்குத் தெரிந்து படிப்பின் நடுவில் அவர் கண் திறந்தது அதுதான் முதல் தடவை.

"மூல அட்டையை எடுங்க."

பதிவேட்டு அறையில் பழைய அட்டைக் கட்டுகளை அவிழ்த்து இரண்டு மணி நேரம் தேடி எடுத்தேன். இரண்டு அட்டைகள் இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒன்றுதான் இருந்தது. மஞ்சள் நிற எடை அட்டை, மூலையில் புகை படிந்தது. முதல் குழந்தையின் எடைகளுக்குக் கீழே அன்றைய நர்ஸ் பென்சிலால் ஒரு கோடு இழுத்து, இரண்டாவது குழந்தையின் எடைகளை அதே அட்டையில் தொடர்ந்திருந்தார். பின்பக்கம் சிறப்புக் குறிப்பு. தடிப்பு, மூச்சுத் திணறல், ஆகஸ்ட் பதினான்காம் தேதி. வருஷம் இல்லை.

அட்டையின் ஓரத்தில் டைப் ஆகிவிட்டது என்பதற்கான பச்சை டிக். என் டிக்.

அது எனக்கு நினைவில்லை. ஆனால் என்ன செய்திருப்பேன் என்று நன்றாகத் தெரியும். வருஷம் இல்லாத தேதியை அந்தக் கம்ப்யூட்டர் ஏற்காது. ஒரு நாளைக்கு இருநூறு அட்டை முடிக்க வேண்டும். இதற்கு முந்தி அடித்த வரியில் என்ன வருஷம் இருந்ததோ அதையே போட்டுவிட்டு அடுத்த அட்டைக்குப் போயிருப்பேன். பென்சில் கோட்டையும் பார்த்திருக்க மாட்டேன். இருவரையும் முதன்முதலில் ஒருத்தியாக்கியது என் நடு அடுக்கு இல்லை. என் பத்து விரல்கள். ஏகாம்பரம் சாரிடம் போய் இதைச் சொன்னேன். அவர் ஆறுதலும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. அந்த நர்ஸ் உயிரோடு இல்லை என்று மட்டும் சொன்னார். அப்படியானால் இனி கேட்க ஒரே ஒரு ஆள்தான்.

மறுநாள் முற்பகல் நானும் ஏகாம்பரம் சாரும் மருத்துவமனை ஜீப்பில் போனோம். கன்னியம்மா களை எடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். முழங்கால் வரை சேறு. எங்களுக்குப் பாய் போட்டாள். அஞ்சலை வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். உங்களுக்குப் பிறந்தது இரண்டு பெண்கள் என்று நான் பேச்சை ஆரம்பித்தேன்.

"இன்னாம்மா ரெண்டு பேருன்ற?" என்றாள் கன்னியம்மா. "ஒருத்திதான். போனா, திரும்பி வந்தா. அதே மூஞ்சி, காது பின்னால அதே மச்சம். அதான் அதே பேரு. வேற பேரு வெச்சா வந்தவ இது நம்ம வூடு இல்லன்னு திரும்பிப் பூடுவா. எங்க ஆளுங்க அப்படித்தான் வெப்பாங்க."

"பிறந்த சர்டிபிகேட்?"

"இவ சூளையில பொறந்தா. அங்க யாரு காயிதம் குடுப்பாங்க? அதான் அப்போ குடுத்தது கீதே. இஸ்கூலுக்கும் அதுதான் குடுத்தேன். அட்டையும் அதுதான். ஒருத்திக்கு எதுக்கு ரெண்டு?"

அந்தக் குடும்பத்தின் கணக்குப்படி என் நடு அடுக்கு சரியாகத்தான் சேர்த்திருக்கிறது. தடிப்பு யாருக்கு வந்தது என்று கேட்டேன். அவளுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "இவளுக்குத்தான்" என்றாள்.

"ஆமா," என்றாள் வாசற்படியிலிருந்து அஞ்சலை. "எனக்குத்தான். ஊசி போட்டாங்க, ஒடம்பெல்லாம் தடிச்சிச்சு. மூச்சு வர்ல. அம்மா என்னத் தூக்கிக்கினு கரை மேல ஓடுச்சு. மய பேஞ்சிக்கினு இருந்துச்சு. அம்மா செருப்பு ஒண்ணு தண்ணியில பூடுச்சு."

"அப்போ உனக்கு எத்தனை வயசு?"

"கைக்கொயந்த."

உச்சி வெயில். ஆனாலும் என் கையில் மயிர் எழும்பி நின்றதைப் பார்த்தேன். சொல்லிச் சொல்லி வளர்த்த கதை அவளுக்கு நினைவாகவே ஆகியிருக்கும் என்று இப்போது எழுதும்போது புத்தி சொல்கிறது. அங்கே அந்தப் புத்தி வேலை செய்யவில்லை. அவள் திரும்பியபோது காதின் பின்னால் பார்த்தேன். மச்சம் இருந்தது.

ஏகாம்பரம் சார் பாயில் நேராக உட்கார்ந்தார். "படிங்க" என்றார் என்னிடம். அவருக்குக் காட்டாமல் பல்லைக் கடித்தேன். இங்கேயுமா? ஆனாலும் படித்தேன். அஞ்சலை, தாய் கன்னியம்மா. பிறந்தபோது மூன்று கிலோ. முதல் மாதம் மூன்று கிலோ அறுநூறு. கன்னியம்மாவின் உதடுகள் என்னோடு அசைந்தன. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்த எண்கள் அத்தனையும் மனப்பாடமாக இருந்தன. நான் படிப்பதற்கு முன்பே அடுத்த மாதத்தைச் சொன்னாள். ஆறே கால். ஆறு எண்ணூறு. ஏழு.

"ஏழு கிலோ இருநூறு," என்று படித்தேன்.

அவள் உதடு நின்றுவிட்டது.

"அடுத்து, இரண்டு கிலோ எண்ணூ..."

"நிறுத்தும்மா."

ஏகாம்பரம் சார் கண்ணை மூடியபடியே இருந்தார். கன்னியம்மா சேற்றுக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பறம் அட்டைய கூரையில சொருகி வெச்சிருந்தேன்," என்றாள். "பதினாலு மாசம். தெனம் சோறாக்கும்போது அது மேல பொகை ஏறும். பாத்துக்கினே இருப்பேன்."

டாக்டர் சொன்னதை அப்படியே அவளிடம் சொன்னேன். போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன என்று. வருஷம் போட்டது நான்தான், எந்த வருஷம் என்று தெரியாமலே போட்டேன் என்பதையும் சொன்னேன். அவள் அஞ்சலையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"எய்திக்கோ. பெரியவ செத்துட்டா. தடிச்சது அவளுக்கு. நான் ஓடினது அவளத் தூக்கிக்கினுதான். அப்போ பொயச்சிக்கினா. மறு மாசம் பேதியில பூட்டா. இவளுக்கு ஒண்ணுமே இல்ல. இவ வேற."

எழுதிய தாளில் கைநாட்டு வைத்தாள். அப்போதும் ஏகாம்பரம் சார் "அடுத்தது" என்று சொல்லவில்லை.

அஞ்சலை வாசற்படியிலிருந்து கேட்டாள். "அப்ப எனக்குத் தடிக்கலியா?"

"இல்ல," என்றாள் அம்மா. "அது ஒனக்கு இல்ல."

அந்தப் பெண்ணின் முகம் எதையோ தொலைத்தவள் முகமாக இருந்தது. அவளைக் காப்பாற்றத்தான் வந்திருந்தோம். அவளிடமிருந்து ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு போவது போலத்தான் எனக்கு இருந்தது.

இரண்டு நாள் கழித்து, பெரிய மருத்துவமனையில், எல்லா மருந்தையும் பக்கத்தில் தயாராக வைத்துக்கொண்டு டாக்டர் சோதனை ஊசி போட்டார். அரை மணி நேரம் கவனிக்க வேண்டும். ஒரு தாயின் வாய்ச்சொல், என் பொய்த் தேதி, இரண்டில் எது நிஜம் என்று கதவுக்கு வெளியே நின்றேன். கன்னியம்மா உட்காரவே இல்லை. அரை மணி முடிந்ததும் டெய்சி வெளியே வந்து, "ஒண்ணும் ஆகல. பிஸ்கட் கேக்குது" என்றாள். நான் கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டேன். அழுதேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் தடையில்லை.

அன்று மாலையே அந்த வரியை எழுதினேன். இந்த இரண்டு எண்களையும் எந்தக் காரணத்துக்காகவும் சேர்க்கக் கூடாது. தடிப்பை மூத்தவள் பக்கத்துக்கு, சரியான வருஷத்தோடு மாற்றினேன். அஞ்சலைக்கு ஒரு பக்கம், அஞ்சலைக்கு ஒரு பக்கம். மூத்தவளின் வளைவு ஏழு கிலோ இருநூறில் நின்றது.

'தினேஷ், இவ்வளவுதான் காரணம்' என்று எழுதி முடித்து நேற்று அவனுக்கு அனுப்பினேன். படித்துவிட்டுக் கூப்பிட்டான். வரியை அப்படியே வைப்பதாகச் சொன்னான். ஆனால் புது சாஃப்ட்வேரில் இன்னொரு விதி இருக்கிறதாம். மூன்று வருஷமாக யாரும் திறக்காத இறந்தவர்களின் பக்கங்கள் பழைய கிடங்குக்குத் தள்ளப்பட்டுவிடுமாம்.

"மூத்தவ பக்கம் அதுல போயிடுமே மேடம், பரவாயில்லையா?"

"கடைசியா யார் திறந்தாங்கன்னு பாரு."

விசைப்பலகைத் தட்டல் கேட்டது. பிறகு நின்றது.

"மேடம், இன்னிக்குக் காலைல திறந்திருக்காங்க. கிளினிக்லேருந்து. அதுக்கு முன்னால இருபத்தொரு நாள். அதுக்கு முன்னாலயும் இருபத்தொண்ணு. அஞ்சு நிமிஷம் திறந்து வெச்சிட்டு மூடிடறாங்க. ஒண்ணும் டைப் பண்ணல. அஞ்சு வருஷமா இப்படியே போகுது மேடம்."

கன்னியம்மாவாகத்தான் இருக்கும், பெண்ணோடு வரும்போதெல்லாம் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போகிறாள் என்று நினைத்தேன். மனசு கேட்காமல் டெய்சியைக் கூப்பிட்டேன்.

"அது அம்மா இல்ல மேடம்," என்றாள் டெய்சி. "அது ஒரு தடவகூட அந்தப் பக்கத்தப் பாக்கல. தலையக் குனிஞ்சிக்கும். இப்போ வரதும் இல்ல. பொண்ணுதான். மொத ஊசியிலேருந்தே அப்படித்தான். ஊசிக்கு முன்னாடி, 'அக்காவத் தொறங்க'ன்னு கேக்கும். அந்த எடைக் கோட்ட மேல வரைக்கும் வெரலால தடவிட்டு, அப்பறந்தான் ஊசி போட்டுக்கும்."